கலப்பிற் பிறந்த மொழிகள்



கண்டி நகரிலிருந்து கட்டுகஸ்தோட்டை நோக்கிச் செல்லும் வழியில் மஹய்யாவ என்னும் பகுதி அமைந்துள்ளது. தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் இடம் அது. நகரத்தின் துப்புரவுப் பணிக்கென ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்தோரின் வழித்தோன்றல்கள் பலர் அங்கே வாழ்கின்றனர். அங்குள்ள தமிழ்ப் பிள்ளை வீட்டில் தாயோடு தமிழில் பேசும். தெருவில் இறங்கியதும் தோழனோடு சிங்களத்தில் பேசும். சிலவேளை ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலந்து பேசும். அதைக் கேட்போர் சிலர் முகஞ்சுளித்து, "இது தமிழுமன்று, சிங்களமுமன்று, இப்படியே போனால் மூன்றாவது மொழியொன்று பிறந்துவிடும்" என்பர்.

அவ்வாறு பிறந்துவிடுமா? இரண்டு மொழிகள் கலந்தால் புதிய மொழி தோன்றுமா? தோன்றுமாயின் எந்த நிலையில் தோன்றும்? இவ்வினாக்களுக்கு விடை தேடுவதே இன்றைய பேச்சின் நோக்கம். விடையின் ஒரு பகுதி ஆபிரிக்காவிலிருந்தும் மற்றொரு பகுதி நம்முடைய மட்டக்களப்பிலிருந்தும் கிடைக்கிறது.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக் கொள்வோம். இலங்கைத் தமிழர் இல்லங்களில் குசினி உண்டு. மேசை, கதிரை, அலமாரி, வாங்கு உண்டு. அலமாரிக்குச் சாவி உண்டு. காலையில் பாண் உண்கிறோம். சப்பாத்து அணிந்து வெளியே செல்கிறோம். இவை யாவும் போர்த்துக்கேயச் சொற்கள். கந்தோரும் லாச்சியும் ஒல்லாந்தர் விட்டுச் சென்றவை. இத்தனை சொற்களை ஏற்றதனால் தமிழ் வேறு மொழியாகிவிடவில்லை. 'கதிரையில்', 'சாவியை', 'கந்தோருக்கு' என்று நம் வேற்றுமை உருபுகளை அணிந்துகொண்டே அவை நம்மிடையே நடமாடுகின்றன. விருந்தினர் வந்தனர், வீட்டின் ஒழுங்கு மாறவில்லை. இதற்குக் கடன் வாங்கல் என்று பெயர். மஹய்யாவப் பிள்ளையின் கலப்புப் பேச்சும் இவ்வகையைச் சார்ந்ததே. அப்பிள்ளைக்குத் தமிழும் முழுமையாகத் தெரியும், சிங்களமும் தெரியும். தமிழுக்கு வீடு உண்டு. சிங்களத்துக்குத் தெரு உண்டு. இரண்டு மொழிகளும் உயிரோடு இருக்கும்பொழுது மூன்றாவது மொழிக்குத் தேவையே எழுவதில்லை.

புதிய மொழி பிறப்பதற்கு வேறொரு நிலை வேண்டும். அது துன்பமான நிலை. ஒருவரோடொருவர் பேசுவதற்குப் பொதுமொழி எதுவுமில்லாத மக்கள், தம் ஊரையும் உறவையும் இழந்து, ஓரிடத்தில் வலிந்து சேர்க்கப்படுதல் வேண்டும். உலக வரலாற்றில் இந்நிலையைப் பெருமளவில் உண்டாக்கியது அடிமை வாணிகம்.

ஆபிரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து கப்பலேற்றப்பட்டோர் ஒரே மொழியினர் அல்லர். ஒரு தோட்டத்துக்கு விற்கப்பட்ட நூறு பேரில் பல மொழியினர் இருந்தனர். கண்காணியின் கட்டளை பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ போர்த்துக்கேயத்திலோ வந்தது. அக்கட்டளையைப் புரிந்துகொள்ளவும், பக்கத்தில் நிற்பவனிடம் "தண்ணீர் கொடு" என்று கேட்கவும், ஆண்டையின் மொழியிலிருந்து காதில் விழுந்த சொற்களையே அவர்கள் கருவியாகக் கொண்டனர். வினைத் திரிபுகளும் பால் வேறுபாடுகளும் உதிர்ந்துபோன, நூற்றுக்கணக்கான சொற்களைக் கொண்ட ஒரு தேவைப் பேச்சு உருவாயிற்று. மொழிநூலார் இதனைப் 'பிட்ஜின்' என்பர். அது எவருக்கும் தாய்மொழி அன்று. சந்தைக்கும் வேலைத்தலத்துக்கும் அது போதும். தாலாட்டுக்கும் துக்கத்துக்கும் போதாது.

ஆயின் அம்மக்களுக்குப் பிள்ளைகள் பிறந்தனர். அப்பிள்ளைகள் தம்மைச் சுற்றி அதிகமாகக் கேட்டது இந்தத் தேவைப் பேச்சையே. அதனைத் தாய்மொழியாகக் கொண்டபொழுது அவர்கள் அதனைக் குறையுடையதாக விட்டுவைக்கவில்லை. காலங்காட்டும் முறை, காரணங்கூறும் முறை, ஐயம், விருப்பம், கட்டளை ஆகிய அனைத்தையும் சொல்லவல்ல முழுமொழியாக அது வளர்ந்தது. இதுவே கிரியோல் மொழி. வளர்த்தலைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லினடியாகப் பிறந்த பெயர் அது. அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவரைக் குறித்த பெயர், பின்னர் அவர்தம் மொழிக்கும் ஆயிற்று. சில இடங்களில் இவ்வளர்ச்சி ஒரு தலைமுறையில் விரைந்து நிகழ்ந்தது என்றும், சில இடங்களில் பல தலைமுறைகளாகப் படிப்படியே நிகழ்ந்தது என்றும் அறிஞர் கருதுவர்.

எயிட்டித் தீவை எடுத்துக்கொள்வோம். 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில், பிரெஞ்சுக்காரர் ஆட்சியில், அங்கே 5 இலட்சம் அளவில் அடிமைகள் இருந்தனர். வெள்ளையர் 40,000 அளவினரே. அங்கே பிறந்த கிரியோல் மொழியின் சொற்களில் மிகப் பெரும்பாலானவை பிரெஞ்சிலிருந்து வந்தவை. எனினும் சொற்களை அடுக்கும் முறையில் ஆபிரிக்கச் சாயல் தெரிகிறது. பிரெஞ்சில் 'அந்த' என்னும் பொருள்படும் சுட்டுச்சொல் பெயருக்கு முன் நிற்கும்; எயிட்டிக் கிரியோலில் அது பெயருக்குப் பின் நிற்கிறது. மேற்காபிரிக்காவின் ஃபோன் மொழியிலும் அது பின்னேயே நிற்கும். சொல் ஆண்டையினுடையது; அதை வைத்துக் கட்டிய கை அடிமையினுடையது.

மொரிசியசுத் தீவு தமிழருக்கு இன்னும் அணித்தானது. பிரெஞ்சுக்காரர் 1721 இல் அங்கே குடியேறத் தொடங்கினர். மடகாசுகரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் அடிமைகளைக் கொணர்ந்தனர். புதுச்சேரிப் பக்கத்திலிருந்து தமிழ்க் கைவினைஞரும் சென்றனர். அங்கு பிறந்த கிரியோலில் வினைச்சொல் திரிவதில்லை. 'மோ' என்றால் நான். 'மான்சே' என்றால் உண்ணல். 'மோ தி மான்சே' என்றால் நான் உண்டேன். 'மோ பே மான்சே' என்றால் உண்டுகொண்டிருக்கிறேன். 'மோ பு மான்சே' என்றால் உண்பேன். பிரெஞ்சு வினையின் எண்ணற்ற விகுதிகளுக்குப் பதிலாக மூன்று சிறு சொற்கள் முன்னின்று காலத்தைக் காட்டுகின்றன. இதில் குழப்பம் எதுவுமில்லை, ஒழுங்கு உண்டு. அத்தீவின் நாணயத்தாளில் இன்றும் தமிழ் எழுத்து அச்சிடப்படுகிறது. ஆயினும் தமிழ் வழியினர் பலரின் வீட்டுமொழி இந்தக் கிரியோலே.

இந்த இலக்கணம் எங்கிருந்து வந்தது என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. 1880களிலேயே கிரியோல் மொழிகளை முறையாக ஆராயத் தொடங்கியவர் ஊகோ சூகார்ட் என்னும் மொழியறிஞர். அடிமைகளின் தாய்மொழிகளே அடித்தளமாக நின்றன என்பது ஒரு கொள்கை. குழந்தையின் மனத்தில் இயல்பாகவே அமைந்துள்ள மொழியாற்றல் அதனைப் படைத்தது என்று டெரெக் பிக்கர்ட்டன் 1981 இல் எழுதினார். அயல்மொழியைக் கற்கும் எவரும் செய்யும் எளிமையாக்கமே இது என்பாரும் உளர். ஒவ்வொரு கொள்கையிலும் ஓரளவு உண்மை இருத்தல் கூடும். ஆனால் ஒரு மொழியைப் பொறுத்தவரையில், அடித்தளம் யாருடையது என்பது ஏறத்தாழ ஐயத்துக்கிடமின்றித் தெரிகிறது. அம்மொழி நம் இலங்கையிலே உள்ளது.

போர்த்துக்கேயர் 1505 இல் இலங்கைக்கு வந்தனர். 1658 இல் யாழ்ப்பாணத்தை ஒல்லாந்தரிடம் இழந்து நீங்கினர். அந்த ஒன்றரை நூற்றாண்டுக் காலத்தில் அவர்களுடைய கோட்டைகளைச் சுற்றி ஒரு கலப்புச் சமுதாயம் தோன்றியது. போர்த்துக்கேயப் படைவீரர், அவர்கள் மணந்த உள்நாட்டுப் பெண்கள், பிள்ளைகள், வேலைக்காரர், ஆபிரிக்காவிலிருந்தும் கோவாவிலிருந்தும் கொணரப்பட்ட அடிமைகள் என இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு போர்த்துக்கேயக் கிரியோல் வழங்கியது. ஒல்லாந்தர் ஆட்சிக்கு வந்தபின் அதனை ஒழிக்க முயன்றனர். ஒல்லாந்த மொழி பேசாத அடிமைகளின் தலையை மழித்துவிட வேண்டும் என்று 1659 இல் கொழும்பில் கட்டளை பிறந்தது. தலைகள் மழிக்கப்பட்டிருக்கலாம், நாக்கு மாறவில்லை. அடிமைப் பெண்கள் தாலாட்டி வளர்த்த ஒல்லாந்தப் பிள்ளைகளே அக்கிரியோலைப் பேசத் தொடங்கினர். ஆண்டவர் மொழி தோற்றது. அடிமைகளின் மொழி வென்றது.

இம்மொழி கடற்கரையோடு நிற்கவில்லை. கண்டி மலைநாட்டுக்கும் ஏறிற்று. 1635 முதல் 1687 வரை கண்டியை ஆண்ட இரண்டாம் இராசசிங்கன் ஒல்லாந்தருக்கு விடுத்த திருமுகங்கள் போர்த்துக்கேய மொழியில் எழுதப்பட்டவை. பகைவரை விரட்டுதற்கு அழைத்த நண்பருக்குப் பகைவரின் மொழியிலே எழுத வேண்டியிருந்தது. அக்காலத்தில் கீழைக்கடல் எங்கும் பொதுமொழி அதுவே. அம்மன்னனிடம் சிறைப்பட்டிருந்து தப்பிச் சென்ற ராபர்ட் நொக்ஸ், 1681 இல் வெளியிட்ட தமது நூலில், அரசனின் பள்ளியறைக்கு அருகே காவல் நின்றவர்கள் ஆபிரிக்கர் என்றும், தன் குடிகளைவிட அவர்களிடமே அவன் மிகுந்த நம்பிக்கை வைத்திருந்தான் என்றும் கூறுகிறார். அவர்களுக்கு அந்நாட்டில் உறவும் இல்லை, கட்சியும் இல்லை. அதுவே அந்த நம்பிக்கைக்குக் காரணம் எனலாம்.

பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டியோடு போர் மூண்டபொழுது, கோவாவிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் ஆபிரிக்கரைப் பெற்று ஒரு படைப்பிரிவை அமைத்தனர். மூன்றாம் இலங்கைப் படைப்பிரிவு என அது வழங்கியது. கண்டி 1815 இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. நாளடைவில் ஆபிரிக்கப் படைகள் கலைக்கப்பட்டன. வீரர் சிலர் புத்தளத்தில் தங்கினர். அவர்களுடைய வழியினர் இன்றும் புத்தளத்துக்கு அண்மையிலுள்ள சிரம்பியடியில் வாழ்கின்றனர். 'கபீர்' என்பது அவர்களுக்கு இங்கு வழங்கும் பெயர். அரபுமொழிச் சொல்லினடியாக வந்த அப்பெயர் தென்னாபிரிக்காவில் கொடிய வசைச்சொல். இங்கோ அம்மக்கள் தாமே தம்மைக் குறிக்க வழங்கி வந்த பெயர்.

இவர்களுடைய ஆபிரிக்கத் தாய்மொழிகள் எங்கே போயின? ஒருவருக்கொருவர் வேறான மொழியினர் ஒரே பாசறையில் வைக்கப்பட்டமையால், ஒருவர் மொழியும் மற்றவருக்குப் பயன்படவில்லை. போர்த்துக்கேயர் ஆட்சிப் பரப்பிலிருந்து வந்த அவர்களுக்குப் போர்த்துக்கேயக் கிரியோலே பொதுமொழியாயிற்று. இன்று சிரம்பியடியில் அன்றாடப் பேச்சு சிங்களம். கிரியோல் 'மஞ்ஞா' எனப்படும் பாடல்களிலே எஞ்சியுள்ளது. கைதட்டியும், தேங்காய்ச் சிரட்டைகளைத் தட்டியும், மெல்லத் தொடங்கி விரைந்து முடியும் அப்பாடல்களைப் பெண்கள் பாடுகின்றனர். நாடெங்கும் கேட்கும் பைலா இசையின் வேரும் இத்தகைய பாடல்களோடு தொடர்புடையது. பைலா என்னும் பெயரே ஆடலைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்.

மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் இம்மொழியைப் பேச்சுமொழியாகக் காத்தவர்கள் போர்த்துக்கேயப் பறங்கியர். தச்சு, கொல்லு, சப்பாத்துத் தைத்தல் முதலிய தொழில்களால் வாழ்ந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் இவை. 1970களில் மட்டக்களப்பிலிருந்து இம்மொழியை ஆராய்ந்த இயன் சிமித் என்னும் மொழியறிஞர் வியப்பான ஓர் உண்மையைக் கண்டார். சொல் எல்லாம் போர்த்துக்கேயம். வாக்கியம் தமிழ் வாக்கியம்!

சான்றாக ஒன்று காண்போம். 'தகப்பனுடைய வீடு' என்பதைப் போர்த்துக்கேயர் 'வீடு இன் தகப்பன்' என்னும் ஒழுங்கிலே கூறுவர். மட்டக்களப்புக் கிரியோலில் 'பாய்சு காஸ' என்பர். 'பாய்' தகப்பன், 'காஸ' வீடு, இடையே நிற்கும் 'சு' நம்முடைய 'உடைய' என்னும் உருபின் தொழிலைச் செய்கிறது. அந்தச் 'சு' போர்த்துக்கேயத்தில் 'அவனுடைய' என்னும் பொருள்தரும் தனிச்சொல்லாக இருந்தது. அவ்வாறே 'பொருட்டு' எனப் பொருள்பட்டுப் பெயருக்கு முன் நின்ற 'பாரா' என்னும் சொல் தேய்ந்து, 'ப' என்று பெயருக்குப் பின் ஒட்டி, நம் 'கு' உருபும் 'ஐ' உருபும் செய்யும் வேலையைச் செய்கிறது. வினை வாக்கியத்தின் இறுதிக்கு வந்துவிட்டது. போர்த்துக்கேயர் 'நான் பசியுடையேன்' என்பர். கிரியோல் பேசுவோர் 'எனக்குப் பசி' என்ற முறையிலே கூறுவர். 'என்று' என்னும் நம் இடைச்சொல்லுக்கு நேராகச் சொல்லுதலைக் குறிக்கும் போர்த்துக்கேய வினையையே உருபாக்கிக் கொண்டனர். 'என்று' என்பதும் சொல்லுதலைக் குறிக்கும் 'என்' என்ற வினையடியாகப் பிறந்ததுதானே!

எல்லாம் தமிழாகிவிட்டது என்றும் சொல்லிவிட முடியாது. இறந்த காலத்துக்கு 'ஜா', நிகழ்காலத்துக்குத் 'தா', எதிர்காலத்துக்கு 'லோ' என்னும் குறிகள் வினைக்கு முன்னேயே நிற்கின்றன. மலாக்காவின் போர்த்துக்கேயக் கிரியோலிலும் இவற்றுக்கு இனமான குறிகள் உண்டு. ஆகவே, கீழைக்கடலில் பரவியிருந்த பழைய கிரியோலின் எலும்பு அது. அதன்மேல் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தசை வளர்ந்தது. இங்கே கூறிய இயல்புகளிற் பல சிங்களத்துக்கும் பொதுவானவை, எனினும் மட்டக்களப்புப் பறங்கியரின் அண்டை அயலார் தமிழர், சந்தைமொழி தமிழ், அவர்களே இருமொழியாளர். இலங்கை மலாயரின் மொழியும் இவ்வாறே மலாய்ச் சொற்களுக்கு வேற்றுமை உருபுகளை ஒட்டிக் கொண்டது. கண்டியில் வாழும் மலாயர் பேச்சிலும் இதனைக் காணலாம்.

ஆயின் இதே விதை எல்லா மண்ணிலும் முளைக்கவில்லை. மாத்தளை மாவட்டத்திலே வாகக்கோட்டை என்னும் ஊர் உண்டு. கண்டி மன்னரிடம் சிறைப்பட்ட போர்த்துக்கேயரின் வழியினர் அங்கே குடியமர்ந்தனர். அவர்களுடைய கத்தோலிக்க சமயம் நிலைத்தது, குடும்பப் பெயர்கள் சில நிலைத்தன, மொழி நிலைக்கவில்லை. இன்று அவர்கள் சிங்களமே பேசுகின்றனர். சிறு கூட்டத்தினர், சுற்றிலும் ஒரே மொழியினர், தமக்கெனத் தனித்தொழிலோ தனித்தெருவோ இல்லை. மட்டக்களப்பில் அவை இருந்தன. ஆகவே மொழியும் இருந்தது. மொழி குருதியினால் வாழ்வதில்லை. பேசுவதற்கு ஒரு கூட்டமும் ஓர் இடமும் இருப்பதனால் வாழ்கிறது.

இனி, இம்மொழி பெற்ற மதிப்பு எத்தகையது என்று பார்ப்போம். 1811 இல் கொழும்பில் பெறென்கர் என்பவர் இதற்கொரு இலக்கண நூல் வெளியிட்டார். அந்நூலின் தலைப்பிலேயே இது 'சிதைந்த போர்த்துக்கேயம்' என்று குறிக்கப்பட்டது. வெசுலியன் பாதிரிமார் புதிய ஏற்பாட்டையே இம்மொழியிற் பெயர்த்து அச்சிட்டனர். 1900 இல் தல்காடோ என்னும் கோவா அறிஞர் இதனைப் பற்றி விரிவான நூல் இயற்றினார். எனினும் 'சிதைந்தது' என்ற பெயர் நீங்கவில்லை. ஆங்கிலம் கற்ற பறங்கியர் இதனை விட்டு ஆங்கிலத்துக்கு மாறினர். தொழிலாளர் வீடுகளிலும் பெற்றோர் பிள்ளைகளிடம் தமிழிலே பேசத் தொடங்கினர். பலர் அவுசுதிரேலியாவுக்குக் குடிபெயர்ந்தனர். உள்நாட்டுப் போர் எஞ்சியோரை அலைக்கழித்தது. 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் திகதி எழுந்த ஆழிப்பேரலை மட்டக்களப்பு டச்பார் பகுதியில் வாழ்ந்த பறங்கியர் குடும்பங்களிற் பல உயிர்களைக் கொண்டுபோயிற்று. இன்று இம்மொழியைச் சரளமாகப் பேசுவோர் பெரும்பாலும் முதியோர். அண்மை ஆண்டுகளில் லிசுபன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் அவர்களுடைய பேச்சையும் பாட்டையும் ஒலிப்பதிவு செய்து காப்பகத்தில் சேர்த்துள்ளனர். ஒலிநாடா குரலைக் காக்கும். உரையாடலைக் காக்க வீடு வேண்டும்.

எயிட்டியின் கதை வேறாகச் சென்றது. அங்கும் கிரியோலைச் 'சிதைந்த பிரெஞ்சு' என்றே நெடுங்காலம் இகழ்ந்தனர். பள்ளியில் பேசிய பிள்ளைகள் தண்டனை பெற்றனர். ஆயினும் நாட்டு மக்கள் அனைவரும் பேசும் மொழி அதுவாகையால், 1987 ஆம் ஆண்டு அரசியல் யாப்பு அதனைப் பிரெஞ்சோடு ஒத்த அரசகரும மொழியாக்கிற்று. எண்ணிக்கை உள்ள மொழி இகழ்ச்சியைத் தாங்கியது. சில நூறு குடும்பங்களின் மொழிக்கு அவ்வலிமை இல்லை. ஒரு பிள்ளை தன் பாட்டியின் பேச்சை நினைத்து வெட்கப்படும் நாளிலேயே அம்மொழியின் இறுதி தொடங்கிவிடுகிறது.

சிதைந்த மொழி என்று எதனைச் சொல்வது? வேற்றுமை உருபும், காலக்குறியும், முறையான வாக்கிய அமைப்பும் உடையது சிதைவாகாது. மொழியே இல்லாத இடத்தில், மொழி பறிக்கப்பட்டோர், கிடைத்த துண்டுகளைக் கொண்டு கட்டியெழுப்பிய வீடு அது. அந்த வீடுகளில் ஒன்றுக்குத் தமிழ் தூண் கொடுத்திருக்கிறது. தமிழின் பெருமையைப் பேசும்பொழுது பழைய இலக்கியங்களை எண்ணுகிறோம், அது தக்கதே. எழுத்தறியாத தச்சரும் கொல்லரும், எவ்வித ஆணையுமின்றி, தம் அயலாரான தமிழரிடம் கேட்டுக் கேட்டே ஓர் ஐரோப்பிய மொழியைத் தமிழ் ஒழுங்குக்குள் கொண்டுவந்தனர் என்பதையும் அவ்வரிசையில் வைத்து எண்ணுதல் வேண்டும். மட்டக்களப்புத் தெருவொன்றில் ஒரு முதியவர் அம்மொழியில் தம் மனைவியை அழைப்பதைக் கேட்க நேர்ந்தால், அதனை அயல்மொழி என்று கடந்து செல்லாதீர்கள். சற்று நின்று கேளுங்கள். சொல் புரியாவிட்டாலும், அதன் நடை நமக்கு அயலானதன்று.